எதிரொலி நீக்கம்

ஒன்பது வாயில் கொண்ட இந்த உடம்பில் ஒரு வாயில் அடைபட்டாலே உலகத்தில் பாதி போய்விடுகிறது. ஒரே ஒரு வாயில் கொண்ட பொறிக்கு அதுவும் அடைபட்டால் என் செய்வது? சீர்காழியில், கோயில் மதிலை ஒட்டிய தெருவில் செவிநிலையம் நடத்திவந்த அம்பலவாணர் அந்த ஐப்பசி மாதம் முழுவதும் இந்த ஒரே கேள்வியோடு எழுந்து இந்த ஒரே கேள்வியோடு படுத்தார்.

பொறி என்றது ஒரு பழைய மடிக்கணினியை. மேல்மூடி வெளுத்து, விசைகளில் பாதி எழுத்தழிந்து, மூட்டுக் கீலில் செப்புக்கம்பி சுற்றி நிற்பது. காண்பவர் எவரும் அதைக் கழித்துக்கட்டச் சொல்வார்கள். ஆனால் செவிமணி அணிந்த நாற்பதுக்கு மேற்பட்டோரின் கேள்விப்புலன் அதை நம்பியே இருந்தது.

செவிமணி என்பது காதின் உட்சுருளில் வைத்துத் தைக்கப்படும் பயறளவுக் கருவி. பிறவியிலோ காய்ச்சலிலோ செவியிழந்தவர்களுக்கு ஒலியுலகைத் திறந்துவிட்ட அற்புதம் அது. ஆயின் வீணைத் தந்தி தளர்வதுபோல அதற்கும் நாளடைவில் சுருதி இறங்கும். முதலில் மெய்யெழுத்துகள் உதிரும். பிறகு உயிரெழுத்துகள் ஒன்றில் ஒன்று கரையும். கடைசியில் மணலைக் கொட்டுவதுபோன்ற ஓர் இரைச்சல். அதன்பின் அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதற்குச் சுருதி கூட்டியாக வேண்டும். கூட்டும் மென்பொருளைச் செய்த அயல்நாட்டு நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு நெடுங்காலமாகிறது. அந்த மென்பொருளோ, பிறந்த கணினியை விட்டு வேறு கணினியில் குடியேறாது. தொலைவிலிருந்து எவரும் பிறர் செவியில் கைவைத்துவிடக் கூடாதென்று, இணையத்தில் சேரும் உறுப்பே இல்லாமல், கம்பி செருக ஒரே ஒரு போர்ட்டோடு அந்தக் கணினியைச் செய்து கொடுத்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்.

ஒரு குறையை மட்டும் அம்பலவாணர் தம் கையால் திருத்தியிருந்தார். சுருதி கூட்டுவதற்கு அளவுகோலாக அதில் ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் குரல் பதிந்திருந்தது. அவள் குரலில் ழகரம் இல்லை. ளகரமும் லகரமும் ஒரே பிறவி. அந்த அளவுகோலை வைத்துச் செவி திறந்தவர்களுக்கு மழையும் மலையும் ஒன்றாகவே கேட்டன. ஆகவே அவள் குரலை எடுத்துவிட்டுத் தம் குரலை ஏழு சுரத்திலும் பாடி அங்கே பதித்தார். அதுமுதல் அத்தனை பேருடைய செவிக்கும் அவர் குரலே அளவுகோல்.

முதலில் அப்படிச் சுருதி கூட்டப்பட்டது அவர் மனைவி திருநிலைநாயகியின் செவிக்கு. ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் கேள்வியை இழந்தவள். உதட்டசைவைப் படித்தே உலகத்தோடு வழக்காடி வளர்ந்தவள். மணமாகிச் சில ஆண்டுகள் கழித்துச் செவிமணி வைத்தபோது, அவள் கேட்ட முதல் ஒலி கணவர் பாடிய பதிகத்தின் ஓர் அடி. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பூசையறையில் அவர் சுவாமியை நோக்கி நின்று, வலக்கையால் தொடையில் தாளமிட்டுப் பாட, அவள் பின்னால் நின்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கைமணியை ஒலிப்பாள். ஒரு நாளும் முந்தியதில்லை, பிந்தியதில்லை.

அந்த ஆண்டு இரண்டு கேடுகள் ஒருசேர வந்தன. கடல் ஏறிக் கடற்கரைச் சாலையை விழுங்கிவிட, காரைக்காலுக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்குப் படகே கதியாயிற்று. மழையில் படகும் நின்றது. நோயாளிகள் வர வழியில்லை. மற்றது, கணினியின் அந்த ஒரே போர்ட்டும் பழுதாயிற்று.

பழுதுபார்க்கக் காரைக்காலிலிருந்து ஜெசிந்தாவை வரவழைத்தார். ஜெசிந்தா மின்னணுப் பணிமனை நடத்துபவள்; நாற்பது வயது, நாக்கில் எப்போதும் சிறிது உப்பும் மிளகாயும் இருக்கும். கணினியைத் திருப்பி, கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஊசிமுனையால் போர்ட்டுக்குள்ளிருந்து மஞ்சளாய் எதையோ சுரண்டி மேசையில் தட்டினாள்.

"என்ன சார் இது?"

அம்பலவாணர் மனைவியைப் பார்த்தார். ஆண்டுதோறும் சரசுவதி பூசையன்று அந்தக் கணினியையும் ஏடுகளோடு அடுக்கிச் சந்தனப் பொட்டிட்டு வணங்குவது வழக்கம். பொட்டு நேர்த்தியாக அமையும் இடம் என்று நாயகி ஒவ்வொரு முறையும் தேர்ந்தது, நடுவில் திலகம்போல் அமைந்த அந்தப் போர்ட்டின் விளிம்பைத்தான்.

"சந்தனக்காப்பே சாத்தியிருக்கீங்க," என்றாள் ஜெசிந்தா. "ஒரு வருஷத்துச் சந்தனம் இல்ல இது. உள்ளே தகடெல்லாம் அரிச்சுப்போச்சு."

நாயகியின் முகம் வாடிற்று. தன் பக்தியே பொறியின் வாயில் மண்ணாயிற்று என்று அவள் எண்ணியது அம்பலவாணருக்குப் புரிந்தது. ஜெசிந்தாவும் அதைக் கண்டு, போன வாரம் தன் கடையில் ஒருவர் கணினிக்கு எலுமிச்சம்பழமே நசுக்கினார் என்று ஏதோ கதை சொல்லி அவளைச் சிரிக்கவைத்தாள்.

பிறகு தன் யோசனையைச் சொன்னாள். அரித்த போர்ட்டைத் தொட வேண்டாம். உள்ளே பலகையில், அந்தப் போர்ட்டுக்குப் போகும் வழியிலேயே புதிய ஹப் ஒன்றைப் பற்றவைத்தால் நான்கு போர்ட் கிடைக்கும். அவற்றில் ஒன்றில் நெட்வொர்க் அடாப்டரைச் செருகிவிட்டால் கணினி இணையத்தில் சேர்ந்துவிடும். எல்லாரிடமும் செவிமணிக்கு மின்னேற்றும் வளையம் இருக்கிறது. அதைக் கைப்பேசியோடு இணைத்துக்கொண்டு அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்தால், இங்கிருந்தபடியே சுருதி கூட்டலாம்.

முகம் பாராமல் ஒருவர் செவியைத் தொடுவது அம்பலவாணருக்கு உடன்பாடில்லை. அவர் மனத்தை மாற்றியது கோடியக்கரையிலிருந்து வந்த ஒரு படம். அங்கே கோமளவல்லி என்றொரு பெண். செவிமணியின் சுருதி அடியோடு இறங்கிவிட்டது. கைக்குழந்தைக்காரி. குழந்தை அழுவது கேளாததால், தூளிக்கயிற்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுக்கிறாள்; குழந்தை புரண்டால் கை இழுபட்டு விழிப்பாள். அந்தக் கையைத்தான் படமெடுத்து அவள் கணவன் அனுப்பியிருந்தான். கயிறு பதிந்து மணிக்கட்டில் வளையலைப்போல ஒரு தழும்பு. நாயகி அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

மூன்றாம் நாள் போர்ட்டுகள் அமைந்தன. முதல் சோதனையைத் தன் செவியில்தான் செய்யவேண்டும் என்று நாயகி சொல்லிவிட்டாள். அவளுக்கும் அப்போது சுருதி தளர்ந்து, மெய்யெழுத்துகள் உதிரத் தொடங்கியிருந்தன.

சோதனைக்கு முன் ஜெசிந்தா கைகளைத் துடைத்துக்கொண்டு இருவர் எதிரிலும் வந்து நின்றாள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடறேன் சார். உள்ள இருக்கற இந்தப் பலகை ரொம்ப நாள் தாங்காது. இன்னும் ஒரே ஒரு பெரிய வேலை, அதோட சரி. அக்காவுக்குச் செய்யறப்ப எதுனா கோணலாத் தெரிஞ்சா உடனே சொல்லிடுங்க. நான் வச்சதையெல்லாம் பிரிச்சுட்டு, சந்தனத்தைச் சுரண்டிப் பழைய வழியிலயே விட்டுடறேன். அதுல அக்காவுக்குத் திரும்பச் செஞ்சுக்கலாம். மிஞ்சினா இன்னொருத்தருக்கு. அதுக்கு மேல அதுக்கு ஆயுசு இல்ல."

"மற்றவர்கள்?" என்றார் அம்பலவாணர்.

ஜெசிந்தா கைகளை விரித்தாள். நாயகி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினி முன்னறையில் இருந்தது. நாயகி கூடத்தில், வளையத்தைக் காதருகே வைத்துக்கொண்டு அமர்ந்தாள். அம்பலவாணரின் பதிந்த குரல் கணினியிலிருந்து இணையத்தில் ஏறி, எங்கெங்கோ சுற்றி, பத்தடி தூரத்திலிருந்த மனைவியின் செவிமணியில் இறங்கியது. வேலை முடிந்ததும் அவர் கூடத்துக்கு விரைந்தார்.

நாயகி கண்களை மூடியிருந்தாள். முகம் நீராடி எழுந்தாற்போல் இருந்தது. கோபுரத்தில் புறா குமுறுவது கேட்கிறது என்றாள். தாழ்வாரத்தில் நீர் சொட்டுவது கேட்கிறதாம். ஜெசிந்தா அந்தப் பக்கம் அசைய, வளையல் ஒன்றில் விரிசல் இருக்கிறது போலும், ஓசை உடைந்து வருகிறதே என்றாள். ஜெசிந்தா தன் கையைத் திருப்பிப் பார்த்து வியந்தாள்.

அம்பலவாணர் எதிரே அமர்ந்து, வழக்கப்படி பனையோலை விசிறியை எடுத்தார். சோதனையின்போது உதட்டசைவு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டு பேசுவது அவர் தொழிலின் முதல் விதி. எவருக்கும் அதைத் தளர்த்தியதில்லை. விசிறிக்குப் பின்னிருந்து ஒரு சொல்லைச் சொன்னார்.

நாயகி கண்ணைத் திறந்தாள். சிறிது நேரம் விசிறியையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி அதை மெல்லக் கீழே இறக்கினாள்.

"இத்தனை வருஷமா இந்த விசிறியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். இன்னிக்காவது மூஞ்சியைக் காட்டுங்களேன்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். அம்பலவாணர் நாணி, விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். பழம் என்றார்; பழம் என்றாள். பள்ளம், கழனி, தாழை, வாளை: அவர் சொல்லச் சொல்ல, ஒன்றும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"எப்படிக் கேட்கிறது நாயகி?"

"புளிபோட்டுத் துலக்கின குத்துவிளக்கு மாதிரி இருக்கு," என்றாள். பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் செஞ்சுடுங்க," என்றாள்.

மறுநாள் விடிந்தது முதல் பிற்பகல் வரை வேலை நடந்தது. நாகூர், வேதாரணியம், கோடியக்கரை, கடல் கடந்து பினாங்கு என்று ஒவ்வோர் ஊராக வந்து இணைந்தார்கள். அம்பலவாணரின் குரல் அத்தனை செவிக்கும் படியளந்தது. நேரம் ஏற ஏறக் கணினி கொதித்தது. ஜெசிந்தா மேசைவிசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆளுக்கு முடிந்த சிறிது நேரத்தில் திரை ஒருமுறை வெளுத்து அணைந்தது. பிறகு எரியவே இல்லை. சுட்ட உலோக வாடையோடு சந்தன மணமும் சேர்ந்து அறையில் எழுந்தது. அம்பலவாணர் கணினியைக் கும்பிட்டார்.

அன்று மாலையே நன்றிச் செய்திகள் வரலாயின. மழை கேட்கிறது என்று ஒருவர். மனைவி தூக்கத்தில் பேசுவது இப்போதுதான் தெரிகிறது, இதை முன்னமே சொல்லியிருக்கலாகாதா என்று ஒருவர். அடுத்த நாள் கோமளவல்லி முகம் தெரியும்படியே அழைத்தாள். மடியில் குழந்தை, மணிக்கட்டில் கயிறு இல்லை.

"சார், இவன் அழறான் சார்," என்றாள். அதைச் சொல்லும்போது அவளும் அழுதுகொண்டிருந்தாள். "அழட்டும்னு விட்டுட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தேன். மாமியார் திட்டுது."

அம்பலவாணர் நெகிழ்ந்து ஏதோ வாழ்த்தினார். அவள் கைப்பேசியைத் தட்டினாள், காதருகே கொண்டுபோனாள்.

"உங்க பக்கம் சத்தம் வரலை சார். வாய் அசையுது."

அவர் உரக்கப் பேசினார். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கணவன் கைப்பேசியை வாங்கி, "நல்லாக் கேக்குதேம்மா, கணீர்னு இருக்கு," என்றான். அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது. மாமியார் பேசுவதும், பின்னால் கடலும் கேட்டன. அம்பலவாணரின் குரல் ஒன்றுமட்டும் அவள் செவிக்கு இல்லை.

அவர் நாகூருக்கும் பினாங்குக்கும் அழைத்துப் பார்த்தார். எங்கும் அதே கதை. ஜெசிந்தாவுக்குச் சொல்லியனுப்ப, மறுநாளே வந்தாள். கழற்றிய அடாப்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வழக்கமான குறும்பு ஏதுமின்றி விளக்கினாள்.

"நெட்வொர்க்குல குரல் போறப்ப, போன குரலே திரும்பி வந்து ஊளையிடும் சார். அதனால இந்த அடாப்டருக்குள்ளயே எதிரொலி நீக்கம்னு ஒரு வேலை வச்சிருக்கான். எந்தக் குரலை அனுப்புறோமோ அதே குரல் திரும்பி வந்தா, கண்டுபிடிச்சு அழிச்சுடும். நாம அனுப்பினது உங்க குரல். அது அழிச்சதோட நிக்கலை. அழிக்கணும்ங்கறதையும் சுருதியோட சேர்த்து அவங்க செவிமணியிலயே எழுதிடுச்சு. எனக்குத் தோணியிருக்கணும். தோணலை."

"திருத்த இயலாதா?"

ஜெசிந்தா அணைந்த கணினியைப் பார்த்தாள். அதுவே பதிலாயிற்று.

அம்பலவாணர் சற்று நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவளைத் தேற்றும் வேலையைத் தாமே ஏற்றார். படியால் அளந்து கொட்டிய நெல்லில் படியைத் தேடலாமா? உலகத்துக் குரல்கள் அத்தனையும் கிடைக்க, ஒரு கிழவன் குரல் குறைந்தால் யாருக்கு என்ன நட்டம்? தாய்க்குப் பிள்ளை அழுவது கேட்கிறது, அது போதும். சொல்லச் சொல்ல அவருக்கே அது பெரும்பாலும் மெய்யென்று பட்டது. முடிவாக, நாயகிக்காவது கேட்கிறதே, அந்த ஒரு செவி தமக்குப் போதும் என்றார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "ஆனா அக்காவுக்கும் இதே அடாப்டர்லதானே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

அம்பலவாணர் அதற்கும் காரணம் கண்டுவைத்திருந்தார். முதல் சோதனையல்லவா, அப்போது அந்த நீக்கம் படிந்திருக்காது என்றார்.

"இருக்கலாம் சார்," என்றாள் ஜெசிந்தா, அவர் முகத்தைப் பாராமல்.

அவள் போன பிறகும் அந்தச் சொல் அங்கேயே கிடந்தது. நெஞ்சில் முள்ளாய்க் குத்தவில்லை. செருப்பில் புகுந்த மணலைப்போல நடக்கும்போதெல்லாம் நினைவூட்டியது. முற்றத்திலிருந்து இரண்டுமுறை கூப்பிட்டபோது நாயகி வராதது நினைவுக்கு வந்தது. குக்கர் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். சில நாளாகச் சோறு படைத்துவிட்டு நேர் எதிரே வந்து அமர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் அன்பென்று கொண்டிருந்தார். அன்பில்லாமல் வேறென்ன என்று மனத்தை அதட்டினார்.

அடுத்த காலை வழக்கம்போல் பூசை. விளக்கேற்றி, நீறணிந்து, சுவாமியை நோக்கி நின்றார். பின்னால் நாயகி கைமணியோடு நின்றாள். பதிகம் தொடங்கினார். குரல் நன்றாகவே எழுந்தது. வலக்கை தொடையில் தாளமிட்டது. முதற்பாட்டு முடிய, மணி ஒலித்தது. ஓர் அணுவும் பிசகவில்லை. இரண்டாம் பாட்டுக்கும் அவ்வாறே. அவர் உள்ளம் குளிர்ந்தது. ஐயப்பட்டதற்காக இறைவனிடம் மன்னிப்பும் வேண்டிக்கொண்டார்.

மூன்றாம் பாட்டு, உலகம் பிழைக்க நஞ்சை உண்டவன் அதை விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை, கண்டத்திலேயே நிறுத்திக்கொண்டான் என்பதைப் பாடுவது. பாதிப் பாட்டில் அந்த இடம் வந்தபோது, மடியில் இறங்கிய பனையோலை விசிறி அவர் கண்முன் வந்தது. அதை இறக்கிய கை வந்தது. எல்லாருக்கும் செஞ்சுடுங்க என்று சொன்னபோது அவள் தம்மைப் பார்க்காமல் ஜெசிந்தாவைப் பார்த்தது வந்தது. குரல் தானே நின்றுவிட்டது.

பூசையறை அமைதியாயிற்று. தெருவில் பால்காரரின் வண்டி மணி கேட்டது. கோபுரத்தில் புறாக்கள் குமுறின. அவர் கை மட்டும், ஆயுள் முழுதும் பழகிய பழக்கத்தால், தொடையில் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பாடப்படாத அடிகள் அந்தத் தாளத்தின்மேல் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கடைசி அடி எங்கே முடிய வேண்டுமோ, மிகச் சரியாக அந்த இடத்தில், பின்னால் மணி ஒலித்தது.

அம்பலவாணர் அசையவில்லை. விளக்கின் சுடர் நேராக நின்றது. அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கும் அவள் மூச்சு அவருக்குக் கேட்டது. அவள் நாற்பது பேருக்கு வாங்கித் தந்ததன் விலை இன்னதென்று இப்போது அவருக்குத் தெரிந்தது. அதைத் தனியே தந்துவிட்டு, நான்கு நாளாக அவர் தோளையும் கையையும் பார்த்து, சத்தமில்லாத பதிகத்துக்கு மணியடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சன்னிதியில் நிற்பவர் சுவாமிக்கு முகம் காட்டியே பாட வேண்டும். அவர் தந்தையும் பாட்டனும் அந்த முறை வழுவியதில்லை, அவரும் வழுவியதில்லை. அம்பலவாணர் சுவாமியை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, விளக்கொளி தம் முகத்தில் விழும்படி, உதடுகள் அவளுக்கு நன்றாகத் தெரியும்படி நின்றுகொண்டார். நான்காம் பாட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லையும், செவி புதிதாய்த் திறந்தவர்களிடம் பேசுவதுபோல, நிறுத்தி, வாய் திறந்து, தெளிவாகப் பாடினார்.

நாயகி அவர் உதடுகளைப் பார்த்தாள். பிறகு கண்களைப் பார்த்தாள்.

அந்தப் பாட்டின் முடிவில் மணி ஒலிக்கவில்லை.